ஏடு யார் கையில்? — தரவுக் கிடைப்புச் சேவையகம் பற்றிய ஒரு விளக்கம்

மலையகப் புகையிரதப் பாதையில் தலவாக்கலையைத் தாண்டியதும் கிரேட் வெஸ்டர்னுக்கு முன்னால் வருவது வட்டகொடை நிலையம். சுற்றிலும் தேயிலை மலைகள். அம்மலைகளில் நாள்தோறும் ஒரு கணக்கு எழுதப்படுகிறது. கொழுந்து நிறுக்கப்படுகிறது, கணக்கப்பிள்ளை எடையைக் குறிக்கிறார், அது செக்ரோல் என்னும் பேரேட்டில் ஏறுகிறது. முழுப் பேரா, அரைப் பேரா என்பதை அந்த ஏடு தீர்மானிக்கிறது. இந்நாளில் சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. ஆயினும் கணக்கின் இயல்பு மாறவில்லை.

எந்த ஏட்டைப் பற்றியும் இரண்டு கேள்விகள் எழும். எழுதியது சரிதானா என்பது ஒன்று. எழுதியதைப் பார்க்க முடியுமா என்பது மற்றொன்று. முதற் கேள்வியையே மக்கள் பெரிதாக எண்ணுவது வழக்கம். ஆனால் இரண்டாவது கேள்விக்கு விடை இல்லாவிடில் முதற் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. ஏட்டைக் கண்ணால் காணாதவன் அதிலுள்ள பிழையை எவ்வாறு சுட்டுவான்?

மலையக மக்களுக்கு இந்த உண்மை புதிதன்று. முற்காலத்தில் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குச் செல்லத் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டியிருந்தது. அவர் தீர்க்கவேண்டிய கடன் இவ்வளவு என்று அச்சீட்டு கூறும். பெரும்பாலும் அது கங்காணியின் கையிலேயே இருந்தது. கடன் எப்படி வளர்ந்தது என்பதைச் சரிபார்க்கத் தொழிலாளியிடம் வேறு கணக்கு கிடையாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது.

அதனினும் பெரிய உதாரணம் குடியுரிமை பற்றியது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தை அடுத்து, 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. விண்ணப்பதாரர் 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன்னர் இடையறாது பல ஆண்டுகள் இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும். சுமார் எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. மறுப்புக்குக் காரணங்கள் பல. எனினும் வாழ்ந்த வாழ்வுக்குச் சான்று தம் கையில் இல்லாமை அவற்றுள் கொடிய ஒன்றாகும். லயத்தில் பிறந்து வளர்ந்தவரும், பிறர் பெட்டியில் பூட்டியிருந்த பதிவேட்டை நம்பியே நிற்கவேண்டி வந்தது. எஞ்சியோரின் வழக்குத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இதே கேள்வி இன்று கணினி உலகில் 'தரவுக் கிடைப்பு' என்னும் பெயரில் ஆராயப்படுகிறது. பிளொக்செயின் என்பது பலர் கையில் ஒரே படியாக இருக்கும் பேரேடு. ஒவ்வொரு பக்கமும் முந்திய பக்கத்தின் அடையாள எண்ணைத் தாங்கியிருப்பதால், இடையில் ஒரு வரியைத் திருத்தினாலும் பின்வரும் பக்கங்கள் யாவும் அதைக் காட்டிக்கொடுக்கும். 2009இல் பிட்கொயினும், 2015 யூலையில் எத்தீரியமும் இவ்வகையில் தோன்றின. எல்லோரும் எல்லாவற்றையும் எழுதிச் சரிபார்ப்பதால் இந்த ஏடு நம்பகமானது. அதே காரணத்தால் மெதுவானது, செலவு மிக்கது.

இக்குறையை நீக்க வந்த ஏற்பாடே ரோலப். ஆயிரக்கணக்கான கொடுக்கல் வாங்கல்களை வேறோர் இடத்தில் நடத்தி, அவற்றை ஒரு கட்டாகச் சுருட்டி, முடிவை மட்டும் பெரிய ஏட்டில் பதிவது அதன் முறை. தோட்டத்தில் ஒவ்வொரு கூடையின் எடையும் தலைமைக் காரியாலயத்துக்குப் போவதில்லை; அன்றைய மொத்தமே போகிறது. அதைப் போன்றது இது. மொத்தம் பிழையானால், ஆர்பிட்ரம் போன்ற ரோலப்களில் எவரும் சுமார் ஒரு வாரத்துக்குள் ஆட்சேபித்துப் பிழையை நிரூபிக்கலாம். ஆனால் ஆட்சேபிப்பவர் கையில் விவரக் கணக்கு இருக்கவேண்டும். மொத்தத்தை எழுதியவர் விவரத்தை மறைத்துவிட்டால், பொய் மொத்தமும் மெய்யாக நிலைத்துவிடும். தம் பணம் எவ்வளவு என்று காட்ட முடியாதவர் அதை மீட்கவும் முடியாது போகும்.

விவரம் முழுவதையும் பெரிய ஏட்டிலேயே பதிவது ஒரு வழி. அதன் செலவைக் குறைக்க எத்தீரியம் 2024 மார்ச் 13ஆந் தேதி 'புளொப்' என்னும் தனிப் பொதிகளை அறிமுகம் செய்தது. ஒவ்வொன்றும் 1,31,072 பைட் கொள்ளும். சுமார் 18 நாட்களின் பின் அகற்றப்படலாம். ஆட்சேபிக்கும் காலம் கழிந்த பின் விவரத்தை எல்லோரும் சுமக்கத் தேவையில்லை என்பதே இதன் தத்துவம்.

மாதிரி பார்ப்பது மற்றொரு வழி. முஸ்தபா அல்-பஸாம், அல்பேர்ட்டோ சொன்னினோ, விற்றாலிக் புட்டெரின் ஆகியோர் 2018இல் இதை விளக்கினர். தரவை ஒரு கணித முறையால் இரு மடங்காக்கினால், எந்தப் பாதி கிடைத்தாலும் முழுமையை மீட்டுக்கொள்ளலாம். ஆகவே மறைக்க விரும்புவோர் பாதிக்கு மேல் மறைத்தாக வேண்டும். எழுந்தமானமாகப் பத்துத் துண்டுகளைக் கேட்பவர் ஏமாறும் வாய்ப்பு 1,024இல் ஒன்றிலும் குறைவு. ஒரு தேக்கரண்டி ருசியில் முழுத் தொகுதியையும் மதிப்பிடும் தேயிலை நிபுணரை இது நினைவூட்டும். தேயிலை சீராகக் கலந்திருந்தால்தான் அவர் தீர்ப்பு செல்லும். இங்கே அந்தக் கலவையைச் செய்வது கணிதம். இத்துறையில் இறங்கிய முயற்சிகளுள், இந்தியர் ஒருவரைத் தாபகர்களுள் கொண்டு 2023இல் பாலிகனிலிருந்து பிரிந்த அவைல் ஒன்றாகும்.

மூன்றாவது வழியே இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. ஒரு குழுவை நியமித்து, அதன் ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு சேவையகத்தில் விவரத்தின் படியைக் காத்து வைப்பது. 2022 ஆகஸ்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஆர்பிட்ரம் நோவா இம்முறையைக் கைக்கொண்டது. ஆறு பேர் குழுவில் குறைந்தது இருவர் நேர்மையானவர் என்று கொள்வோமானால், ஐவர் கையொப்பம் தேவை. நேர்மையற்றவர் நால்வருக்கு மேல் இருக்க முடியாதாகையால், ஐந்து கையொப்பங்களுள் ஒன்றாவது நேர்மையாளருடையதாக இருந்தே தீரும். அந்த ஒருவர் போதும்; கேட்டவருக்கு ஏட்டைத் திறந்து காட்டுவார். போதிய கையொப்பம் சேராவிட்டால், விவரம் முழுவதும் பெரிய ஏட்டிலேயே பதியப்படும். செலவு கூடும், ஆனால் மறைவு நேராது.

அத்தகைய சேவையகத்தை நிறுவுவது எவ்வாறு? முதலில் ஒரு சோடித் திறவுகோல்களை உண்டாக்க வேண்டும். இரகசியத் திறவுகோல் கையொப்பமிட. அதைப் பத்திரமாகப் பூட்டி வைக்கவேண்டும். பகிரங்கத் திறவுகோல் மற்றவர் அக்கையொப்பத்தைச் சரிபார்க்க. அது குழுவின் திறவுகோல் தொகுதியில் சேர்த்துப் பெரிய ஏட்டில் பதியப்படும். அடுத்து, தரவைச் சேமிக்கும் வட்டு. மின்சாரம் போனாலும் அழியாத இடமாக அது இருக்கவேண்டும். இயன்றால் வேறோர் ஊரில் இரண்டாவது படியும் வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதைகளும் கம்பிகளும் அறுபடும் மலைநாட்டாருக்கு இதன் அவசியத்தை விளக்கத் தேவையில்லை.

பின்னர் இரண்டு வாசல்கள். ஒன்று எழுதும் வாசல். கட்டுகளை அனுப்பும் அதிகாரம் பெற்றவர் மட்டுமே அதில் நுழையலாம். மற்றது வாசிக்கும் வாசல். அது யாவருக்கும் திறந்திருக்கும். வாசிப்போர் கூட்டம் எழுதும் வேலையைத் தடுக்காதிருக்க, வாசிப்புக்கென ஒரு தனிப் பிரதிச் சேவையகத்தை வைப்பது விவேகம். தரவு எவ்வளவு காலம் காக்கப்படும் என்ற தவணையும் குறிக்கப்பட வேண்டும். ஆட்சேபிக்கும் காலத்தைவிட அது நீண்டிருத்தல் இன்றியமையாதது.

நிறுவிய பின்பு சோதனை. ஒரு சிறு வாசகத்தை எழுதும் வாசல் வழியே அனுப்பினால், சேவையகம் அதன் அடையாள எண்ணைத் திருப்பித் தரும். ஹேஷ் என்னும் இவ்வெண் தரவின் கைரேகை போன்றது. அந்த எண்ணைக் கொண்டு வாசிக்கும் வாசலில் கேட்டால், அனுப்பிய வாசகம் எழுத்துப் பிசகாமல் வரவேண்டும். வந்ததிலிருந்து மீண்டும் எண்ணைக் கணித்தால் அதே எண் கிடைக்கவேண்டும். இது முதற் சோதனை மட்டுமே. அதிகாரம் இல்லாதவர் எழுத முயன்றால் மறுக்கப்படுகிறாரா? இல்லாத எண்ணைக் கேட்டால் சேவையகம் இல்லை என்று நேர்மையாகச் சொல்கிறதா? அதை நிறுத்தி மீண்டும் இயக்கிய பின்னும் பழைய தரவு இருக்கிறதா? வெளியூரிலுள்ள ஒருவர் தம் கணினியிலிருந்து அதைப் பெற முடிகிறதா? இறுதியாக, குழுவில் இருவரின் சேவையகங்களை வேண்டுமென்றே நிறுத்தினால், விவரம் உண்மையாகவே பெரிய ஏட்டுக்குப் போகிறதா? இக்கேள்விகள் யாவற்றுக்கும் விடை கண்ட பின்பே சேவையகத்தைப் பணியில் அமர்த்தலாம். எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் நடத்தும் சோதனை அரைச் சோதனையே.

இம்முறைக்கும் எல்லை உண்டு. குழுவில் ஐவர் கூடிச் சதி செய்தால், ஆறாமவரால் ஒன்றும் செய்ய இயலாது. அன்றியும், தராசே பிழையானால் அந்தப் பிழை எடை அப்படியே பத்திரமாகக் காக்கப்படும். கைரேகை ஏடு மாறவில்லை என்று சாட்சி சொல்லும்; எடை சரி என்று சொல்லாது. தராசைப் பார்ப்பதற்கு மனிதக் கண்ணும், கேள்வி கேட்பதற்கு மனிதத் துணிவும் வேண்டும்.

எனினும் இந்தப் புதிய கலை பழைய பாடமொன்றைத் தெளிவாக்குகிறது. ஏட்டை எழுதுபவர் நல்லவராக இருக்கவேண்டும் என்று விரும்புவது இயல்பு. அவர் நல்லவரோ அல்லரோ, அதன் படி பலரிடம் இருக்குமாறு ஏற்பாடு செய்வது அறிவு. சம்பளச் சீட்டானாலும், சேமலாப நிதிக் கணக்கானாலும், பிறப்புச் சான்றிதழானாலும், ஒரு பிரதியைத் தம்மிடமும் மற்றொன்றை நம்பிக்கையான வேறோர் இடத்திலும் வைத்திருப்பவர், கணினி அறிஞர் கோடிக்கணக்கான கணக்குகளுக்குச் செய்ய முனைவதைத் தம் வீட்டளவில் செய்தவராவார்.