நீர்க்கடுப்பா? கஷாயத்துக்கும் ஓர் எல்லை உண்டு

ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நீர்க்கடுப்பு என்றதும் பார்லி தண்ணீர், வாழைத்தண்டு, நெருஞ்சில் கஷாயம் ஆகியவைதான் நினைவுக்கு வரும்.

இக்கோளாறை ஆயுர்வேதம் 'மூத்திரகிருச்சரம்' என்கிறது. நெருஞ்சிலை அது 'கோக்ஷுரம்' என்ற பெயரில், சிறுநீரைப் பெருக்கும் மூலிகையாகப் பயன்படுத்துகிறது. சித்த வைத்தியத்தில் சிறுபீளைக்கும் இடமுண்டு. மருந்து மட்டுமல்ல; காரத்தைக் குறைப்பதும் சிறுநீரை அடக்காமல் இருப்பதும் வைத்தியத்தின் பகுதிதான்.

வெயிலில் வேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடித்ததால் வரும் எரிச்சலுக்கு இவை இதம் தரலாம். ஆனால், சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் குடலில் வாழும் இ.கோலை கிருமி. கஷாயம் அதை ஒழித்துவிடும் என்று காத்திருந்தால், தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிடக்கூடும்.

காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவுக்குப் பின்புறம் வலி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் இலேசான கடுப்புக்கும் காத்திருக்கக் கூடாது. அரசாங்க சுகாதார கிளினிக்கில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மலேசியக் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

ரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரை சாப்பிடுவோர், கஷாயம் குடிப்பதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். மாத்திரை, லேகியமாக வாங்கினால் 'எம்.ஏ.எல்.' பதிவு எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.