குற்றம் பொடியிலா, பாத்திரத்திலா?

காலைக் காப்பி வாய்க்கு ஒவ்வாமல் போனால் நம் வீடுகளில் யார் மீது பழி விழுகிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். முதலில் கடைக்காரர் கொடுத்த பொடியின் மீது. அடுத்துப் பால்காரர் மீது. அவ்விருவரும் தப்பிவிட்டால் அடுப்படியில் நிற்கும் பெண்ணின் கைப்பக்குவத்தின் மீது. காப்பியை வடித்துத் தந்த பாத்திரத்தை மட்டும் எவரும் விசாரிப்பதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் மச்சான் ஒரு பீங்கான் கூம்பைக் கொண்டுவந்து வைக்கும் வரை.

பார்ப்பதற்குக் கைப்பிடி வைத்த அகலக் கோப்பை போன்றது அது. அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு துளை. உட்சுவரில் சுழன்று இறங்கும் வரிமேடுகள். உடன் ஒரு கட்டு வடிதாள். தாளைக் கூம்பில் பொருத்திப் பொடியை இட்டு, மேலிருந்து வெந்நீரைக் கையால் ஊற்ற வேண்டும்; கீழே வைத்த கோப்பையில் காப்பி இறங்கும். பால் சேர்க்காமல் அருந்துவது இதன் வழக்கம். வளைகுடா நாடுகளின் காப்பிக் கடைகளில் இதற்கு இப்போது மிகுந்த மதிப்பு என்றார் மச்சான்.

மறுநாள் சுபுஹுக்குப் பின் பரீட்சை தொடங்கியது. வீட்டிலிருந்த பில்டர் காப்பிப் பொடியையே போட்டோம். நீர் இறங்க மறுத்துக் குளம் போல் தேங்கியது. பத்து நிமிடங்கள் கழித்துக் கிடைத்தது காப்பியன்று, கஷாயம். அடுத்த நாள் சிக்கரி கலவாத, கொரகொரப்பாக அரைத்த பொடியை வாங்கி வந்து, நீரை ஒரே மூச்சில் கவிழ்த்தோம். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் வடிந்துவிட்டது. குடித்துப் பார்த்தால் புளித்த வெந்நீர்! "இதுக்குப் போயி இம்புட்டுக் காசா?" என்று மாப்பிள்ளையின் காதில் விழாதவாறு உம்மா என்னிடம் சொன்னார். விழுந்துவிட்டது. மச்சானின் முகம் வாடியது.

அந்த வாட்டமே என்னை இதன் நுட்பத்தைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததையும் பிறகு கையால் செய்து கண்டதையும் தங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வெந்நீர் பொடியைத் தொட்டவுடன் எல்லாச் சுவைகளும் ஒருங்கே கரைந்து வருவதில்லை. புளிப்பு முந்திக்கொள்கிறது, இனிப்பு அதைத் தொடர்கிறது, கசப்பு கடைசியில் வருகிறது. நீர் பொடியோடு குறைந்த நேரமே இருந்தால் புளிப்போடு நின்றுவிடும். அளவுக்கு மீறித் தங்கினால் கசப்பு மேலோங்கும். ஆகவே வடிகட்டியின் பணி மண்டியைத் தடுப்பது மட்டுமன்று. நீரை எவ்வளவு நேரம் பொடியோடு நிறுத்திவைப்பது என்பதைத் தீர்மானிப்பதும் ஆகும்.

யமன் நாட்டில் 15ஆம் நூற்றாண்டில் சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்கக் காப்பி அருந்தினர் என்பதைத் தாங்கள் படித்திருக்கலாம். அதற்குப் பின் நெடுங்காலம் பொடியை நீரோடு கொதிக்கவைத்து, மண்டி படிந்தபின் தெளிவை அருந்துவதே பரவலான முறையாக இருந்தது. துருக்கிக் காப்பி இன்றும் அப்படித்தான். காகிதத்தால் வடிக்கும் முறைக்கு வழி திறந்தவர் விஞ்ஞானி அல்லர். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸ் என்னும் இல்லத்தரசி. கோப்பையில் மண்டி சேர்வதைச் சகிக்காத அவர், 1908ஆம் ஆண்டில் ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகள் இட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மையொற்றுத் தாளைக் கிழித்து அதன் மேல் வைத்தார். காப்பி தெளிவாக இறங்கியது. அவ்வாண்டே உரிமையைப் பதிவு செய்து, கணவரோடு நிறுவனமும் தொடங்கிவிட்டார். அடுப்படியில் பிறந்த அந்த நிறுவனம் இன்றளவும் நடைபெறுகிறது.

அவருடைய முதல் வடிகட்டி தட்டையான அடிகொண்டது. சரிந்த சுவருள்ள வடிவம் 1930களில் வந்தது. இன்று பரவலாக விற்கும் மெலிட்டா வடிகட்டியின் அடியில் இருப்பது மிகச் சிறிய துளை. அதன் நன்மை என்னவென்றால், தாங்கள் அவசரப்பட்டு நீரைக் கொட்டினாலும் வெளியேறும் வழி குறுகலாக இருப்பதால் நீர் காத்திருந்தே தீர வேண்டும். கட்டுப்பாடு பாத்திரத்திடம் இருக்கிறது.

மச்சான் கொண்டுவந்த கூம்போ இதற்கு நேர்மாறானது. ஆய்வுக்கூடக் கண்ணாடிப் பொருள்கள் செய்வதற்காக 1921இல் தொடங்கப்பட்ட ஹாரியோ என்னும் ஜப்பானிய நிறுவனம் 2005இல் வெளியிட்ட 'வி 60' அது. சுவர்கள் 60 பாகைக் கோணத்தில் கூடுவதால் அந்தப் பெயர். பெரிய துளையாதலால் நீரை அது தடுப்பதே இல்லை. தடுக்க வேண்டியது பொடியின் பருமனும் ஊற்றுபவரின் கையுமே. எங்கள் இரு தோல்விகளுக்கும் காரணம் இங்கேதான் விளங்கியது. முதல் நாள் மாவு போன்ற பொடி தாளின் கண்களை அடைத்துத் தானே அணையாகிவிட்டது. இரண்டாம் நாள் பொடியும் தடுக்கவில்லை, கையும் தடுக்கவில்லை, துளையும் தடுக்கவில்லை.

வரிமேடுகளை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். நனைந்த தாள் வழவழப்பான சுவரில் ஒட்டிக்கொண்டால் காப்பி அடிமுனை வழியாக மட்டுமே கசிய முடியும். காற்று வெளியேறவும் இடமிராது. வரிமேடுகள் தாளைச் சுவரிலிருந்து விலக்கிப் பிடிப்பதால், எல்லாப் பக்கமும் கசிந்த காப்பி இடைவெளி வழியே இறங்கிவிடுகிறது. 1941இல் பீட்டர் ஷ்லும்போம் என்ற வேதியியலாளர் அமெரிக்காவில் உருவாக்கிய கெமெக்ஸ் கண்ணாடிக் குடுவையில் வரிமேடுகள் இல்லை. காற்றுப் போக ஒரு பக்கம் வாய்க்கால் மட்டும் உண்டு. அதன் தாளும் மிகத் தடிப்பானது. ஆகவே காப்பி மெதுவாக இறங்கும். மிகத் தெளிவாகவும் இருக்கும்.

கூம்பில் பொடி நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மெலிதாகவும் கிடப்பதால், ஓரத்தில் ஊற்றிய நீர் பொடியை அதிகம் தொடாமலே நழுவிவிடும். கலிட்டா என்னும் மற்றொரு ஜப்பானிய நிறுவனத்தின் 'வேவ்' வடிகட்டியில் அடி தட்டை. மூன்று சிறு துளைகள். பொடி எங்கும் சம உயரத்தில் படுப்பதால் கைத்தவறுகளை அது ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் காப்பி போடுபவர்களுக்கு இதுவோ மெலிட்டாவோதான் ஏற்றது என்பது என் எண்ணம். வி 60 நிதானமுள்ளவர்களுக்கு உரியது.

நம் பித்தளைப் பில்டரை இவற்றோடு வைத்துப் பார்த்தால் அதன் அருமை புரிகிறது. ஊசிமுனைத் துளைகள், பொடியை அமுக்கும் காம்புள்ள தட்டு, மேலே மூடி. நீரை ஊற்றிவிட்டு நாம் வேறு வேலைக்குப் போய்விடலாம். மெல்ல மெல்லக் கள்ளிச்சொட்டாக இறங்கும் அந்த டிக்காஷன், பாலும் சர்க்கரையும் சேர்வதற்கென்றே அமைந்தது. அதன் பொடியைக் கூம்பில் போட்டது எங்கள் பிழையே தவிர, இரண்டு பாத்திரங்களின் குற்றமும் அன்று. காகிதத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. காப்பிக்கொட்டையின் எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்னும் பொருள் இரத்தத்தில் கொழுப்பை உயர்த்தக்கூடியது. தாள் அதைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. உலோகத் துளைகள் அவ்வாறு தடுப்பதில்லை. கொழுப்பு மிகுந்தவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

வாங்கும்போது விலையைக் கண்டு மயங்க வேண்டாம். பீங்கான் கூம்பு குளிர்ந்திருந்தால் நீரின் சூட்டைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். முன்னதாக வெந்நீரால் சூடேற்றியாக வேண்டும். மலிவான பிளாஸ்டிக் கூம்பு அவ்வளவாகச் சூட்டை இழுப்பதில்லை.

நாங்கள் கண்ட அளவைச் சொல்லிவிடுகிறேன். 15 கிராம் பொடிக்கு 250 மில்லி லிட்டர் நீர். பொடி ரவை போல் இருக்கட்டும். தாளை முதலில் வெந்நீரால் நனைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். தாளின் வாடை போய்விடும். நீர் கொதித்து இறக்கியபின் அரை நிமிடம் பொறுத்து, பொடி நனையும் அளவுக்குச் சிறிது மட்டும் ஊற்றுங்கள். பொடி நுரைத்துப் பொங்கும். வறுத்த கொட்டையில் அடைபட்ட கரியமிலவாயு வெளியேறுவதே அது. அரை நிமிடம் கழித்து மீதி நீரை இரண்டு மூன்று தடவையாக, நடுவிலிருந்து வட்டமாக ஊற்றி வாருங்கள். இதற்கென விற்கும் அன்னக் கழுத்துக் கேத்தல் இல்லையென்றால் மெல்லிய மூக்குள்ள தேநீர்க் கெண்டியே போதும். மொத்தம் சுமார் மூன்று நிமிடங்களில் வடிந்து முடிய வேண்டும். புளித்தால் அடுத்த முறை பொடியைச் சற்று நுணுக்குங்கள். கசந்தால் சற்றுப் பருமனாக்குங்கள்.

விடுமுறை முடிந்து புறப்படும் நாள் காலையில் மச்சானே நின்று ஊற்றினார். உம்மா இரண்டு மிடறு குடித்துவிட்டு, "கசக்கலை" என்றார். மச்சானின் முகம் மலர்ந்தது. பிறகு உம்மா அடுப்படிக்குப் போய்ப் பித்தளைப் பில்டரைத் திறந்து, தமக்கென்று ஒரு டம்ளர் பால் காப்பி கலந்துகொண்டு வந்து உட்கார்ந்தார்.