சக்தி இசைக்குழுவின் மேடைப் பதிவுகள்

சக்தி என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த கித்தார் கலைஞர் ஜான் மெக்லாக்லினும் இந்தியக் கலைஞர்களும் சேர்ந்து 1970-களின் நடுவில் அமைத்த இசைக்குழு ஆகும். வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் டி. எச். விநாயக்ராம், தொடக்க காலத்தில் மிருதங்கத்தில் ராம்நாட் வி. ராகவன் ஆகியோர் இதில் வாசித்தனர். குழுவின் முதல் இசைத்தட்டே ஒரு மேடைப் பதிவுதான். பின்னாளில், மெக்லாக்லின் பல ஆண்டுகளாக ஒரே விழாவில் வாசித்தவற்றைத் திரட்டி 17 குறுந்தகடுகள் கொண்ட பெட்டித் தொகுப்பு 2003-இல் வெளியானது. சக்தியின் இரண்டு முழு நிகழ்ச்சிகள் அதில் இடம்பெற்றன.

பெட்டித் தொகுப்பு என்றால் என்ன?

ஒரு கலைஞரின் பல தட்டுகளை ஒரே பெட்டியில் வைத்து, விளக்கக் குறிப்பேடும் புகைப்படங்களும் சேர்த்து விற்பது பாக்ஸ் செட் எனப்படும் பெட்டித் தொகுப்பு. இதில் இரு வகை உண்டு. முன்பே வெளியான ஆல்பங்களை ஒன்றாகக் கட்டித் தருவது ஒருவகை. இதுவரை வெளிவராத கச்சேரிகளை ஒலிநாடாக் கிடங்கிலிருந்து எடுத்துத் தருவது மற்றொரு வகை. ஆய்வாளருக்கும் மாணவருக்கும் அதிகம் பயன்படுவது இரண்டாவது வகையே.

முற்போக்கு ராக் எனப்படும் இசைவகையில் இத்தகைய தொகுப்புகளுக்குத் தனி மதிப்பு உண்டு. மூன்று நிமிடப் பாடல் என்ற அளவை மீறி நீண்ட உருப்படிகளை அமைப்பது, ஐந்து, ஏழு, ஒன்பது என எண்ணும் தாளங்களைக் கையாள்வது, மேடையில் அப்போதைக்கப்போது கற்பனை செய்து வாசிப்பது ஆகியவை இவ்வகைக் குழுக்களின் இயல்பு. எடுத்துக்காட்டாக, கிங் கிரிம்சன் என்ற ஆங்கிலேயக் குழு 1973, 1974 ஆம் ஆண்டுகளில் நடத்திய கச்சேரிகள், 'தி கிரேட் டிசீவர்' என்ற பெயரில் நான்கு குறுந்தகடுகளாக 1992-இல் வெளிவந்தன. ஒரே பாடல் ஓர் ஊரில் ஒரு விதமாகவும் அடுத்த ஊரில் வேறு விதமாகவும் வளர்வதை அதில் கேட்கலாம். ஸ்டுடியோ ஆல்பம் ஒரு வடிவத்தை மட்டுமே காட்டும்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிய கருத்து அன்று. ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம், தனி ஆவர்த்தனம் ஆகிய நான்கும் மனோதர்மத்தைச் சேர்ந்தவை. ஒரே வித்வான் ஒரே கீர்த்தனையை இரண்டு நாள் பாடினாலும் இரண்டும் ஒன்றாக இரா. இரண்டு மரபுகளும் சந்தித்த இடம்தான் சக்தி.

மின்கித்தாரிலிருந்து மேடைக் கம்பளத்துக்கு

சக்திக்கு முன் மெக்லாக்லின் நடத்தியது மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா. 1971-இல் தொடங்கிய இக்குழு, மின்கித்தார், மின்வயலின், டிரம்ஸ் ஆகியவற்றைப் பெருத்த ஒலியில் வாசித்தது. ஜாஸ், ராக் இரண்டையும் கலந்து சிக்கலான தாளங்களில் வாசித்ததால் முற்போக்கு ராக் ரசிகர்களும் இதைத் தங்கள் குழுவாகவே கருதினர். 1973-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடந்த கச்சேரி இவர்களுடைய மேடை ஆல்பமாக வெளிவந்தது.

இதே காலத்தில் மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அங்கேயே ஆய்வு மாணவராக இருந்தவர் எல். சங்கர். வயலின் வித்வான் வி. லட்சுமிநாராயணாவின் மகனான இவர், எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். மிருதங்கம் வாசித்த ராகவனும் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். இந்தச் சந்திப்புகளிலிருந்து எழுந்ததே சக்தி.

புகழின் உச்சத்தில் இருந்த மின்கித்தார் கலைஞர், அதைக் கீழே வைத்துவிட்டு, மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து, மின்சாரமில்லாத கித்தாரை எடுத்தது துணிச்சலான முடிவு. அந்தக் கித்தாரும் தனி வகை. கிப்சன் நிறுவனத்தில் ஏப்ரகாம் வெக்டர் உருவாக்கியது. ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு அனுசுரத் தந்திகள் கூடுதலாகக் கட்டப்பட்டிருந்தன. மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் பள்ளமாகக் குழிக்கப்பட்டிருந்தது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்புகிறோம் அல்லவா? சாதாரண கித்தாரில் விரல் மரத்தில் இடிப்பதால் அந்த அளவு இழுக்க இயலாது. இடைமரத்தைக் குழித்தபின் விரல் தந்தியை மட்டுமே தொடும். அதனால் கமகம் கைகூடும்.

முதல் பதிவு: சவுத்தாம்ப்டன், 1975

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த நிகழ்ச்சியே முதல் இசைத்தட்டு. 1976-இல் வெளிவந்த இதில் மூன்றே உருப்படிகள் உள்ளன. முதலாவது 'ஜாய்', சுமார் 18 நிமிடம். இரண்டாவது 'லோட்டஸ் ஃபீட்', ஐந்து நிமிடத்துக்குள் முடியும் அமைதியான மெட்டு. மூன்றாவதன் தலைப்பே ஒரு நீண்ட வாசகம். அது ஏறத்தாழ 29 நிமிடம் ஓடுகிறது.

இந்த 29 நிமிடத்தின் பொருளை அக்கால இசைத்தட்டு அறிந்தவர்கள் உணர்வார்கள். நீள்தட்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் நல்ல ஒலியுடன் இருபது, இருபத்திரண்டு நிமிடம் வைப்பதே வழக்கம். நேரம் கூடக்கூட வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்டவேண்டும். ஒலியின் அளவும் அதற்கேற்பக் குறையும். அப்படியிருந்தும் உருப்படியை நறுக்காமல் ஒரு பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்தனர். கச்சேரியின் வளர்ச்சி முழுமையாகக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் இதில் தெரிகிறது.

இதன்பின் வந்த 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' ஆகிய இரண்டும் ஸ்டுடியோ ஆல்பங்கள். இவற்றில் உருப்படிகள் சுருங்கிச் செறிவாக உள்ளன. 1978-இல் குழு கலைந்தது.

ராம்நாட் ராகவன்

சக்தியைப் பற்றிய பல குறிப்புகளில் நால்வர் பெயர் மட்டுமே வரும். ஐந்தாமவரான ராகவன் முதல் இசைத்தட்டுடன் விலகிவிட்டதே காரணம். அடுத்த இரு ஸ்டுடியோ ஆல்பங்களில் அவர் இல்லை. ஆகவே, அந்தக் கோடைநாள் கச்சேரியைப் பதிவுசெய்து வெளியிடாமல் இருந்திருந்தால், அவர் சக்தியில் வாசித்ததற்கு ஓர் ஆல்பச் சான்றுகூட நமக்கு எஞ்சியிராது. மேடைப் பதிவு ஏன் முக்கியம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

ராகவன், புகழ்பெற்ற பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் தம்பி. இராமநாதபுரத்தின் பெயரைச் சுமந்த இசைக்குடும்பம் அது. பூச்சி சீனிவாச ஐயங்கார், மிருதங்க மேதை சி. எஸ். முருகபூபதி போன்றோரால் இசையுலகில் முன்பே அறியப்பட்ட ஊர் இராமநாதபுரம். அமெரிக்காவில் வாழ்ந்த ராகவன், கிளீவ்லாந்து நகரில் 1978-இல் தொடங்கிய தியாகராஜ ஆராதனை விழாவின் மூலவர்களுள் ஒருவர். இன்று இந்தியாவுக்கு வெளியே நடைபெறும் கர்நாடக இசை விழாக்களில் அது மிகப் பெரியவற்றுள் ஒன்று.

கடமும் மானாமதுரையும்

சக்தியின் ஒலியில் மேலைநாட்டு ரசிகர்களை வியக்கவைத்தது கடம். ஒரு மண்பானை, தபலாவுக்கு ஈடாகச் சொல்லுக்குச் சொல் பதில் கூறுவதை அவர்கள் அதுவரை கேட்டதில்லை. விநாயக்ராம், தம் தந்தை ஹரிஹர சர்மா சென்னையில் தொடங்கிய ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயாவின் மரபில் வந்தவர். 2014-இல் பத்மபூஷண் பெற்றார்.

கடம் செய்வதில் பெயர்பெற்ற ஊர் வைகைக் கரையிலுள்ள மானாமதுரை. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாகச் செல்லும் இரயில் பாதை முடிவது அங்கேதான். 1985-இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இவ்வூர்கள் அனைத்தும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. மானாவாரி நிலமும் கண்மாய்களும் நிறைந்த இப்பகுதியில், கண்மாய்மண்ணே குயவர்களின் முதல். மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் வனைவதற்காகச் சங்கீத நாடக அகாதமி விருது பெற்ற மீனாட்சி கேசவன் இவ்வூரைச் சேர்ந்தவர்.

சமையற்பானைக்கும் கடத்துக்கும் உள்ள வேறுபாடு சுவரில் இருக்கிறது. கடத்தின் சுவர் தடிப்பானது. எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்கவேண்டும். சக்கரத்தில் வனைந்தபின், உட்புறம் கல்லைக் கொடுத்து வெளிப்புறம் மரத்தட்டியால் பல்லாயிரம் முறை தட்டி இறுக்குகிறார்கள். பிறகு நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். சுருதி சூளையிலேயே அமைந்துவிடும். மிருதங்கத்தைப்போல் வாரை இழுத்துச் சுருதி கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஆகவே கடக் கலைஞர்கள் பல சுருதிகளில் பல கடங்களை வைத்திருப்பார்கள். உலகம் சுற்றும் குழுவில் உடைந்தால் மாற்றிக்கொள்ள முடியாத வாத்தியம் இதுதான். பதிவுப் பெட்டியின் குறிப்பேட்டில் கித்தார் செய்தவரின் பெயர் அச்சாகும். பானை வனைந்தவரின் பெயர் அச்சாவதில்லை. இதை மாணவர்கள் கவனிக்கவேண்டும்.

மோன்ட்ரோ தொகுப்பு

சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில் கிளாட் நோப்ஸ் 1967-இல் தொடங்கிய ஜாஸ் விழா, நிகழ்ச்சிகளை முறையாக ஒலி, ஒளிப்பதிவு செய்து காத்துவந்தது. இந்த ஆவணக் கிடங்கு 2013-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. மெக்லாக்லின் அங்கு 1974 முதல் 1999 வரை பல குழுக்களுடன் வாசித்தவையே 17 தட்டுகளாகத் தொகுக்கப்பட்டன. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் பெருமுழக்கத்தில் தொடங்கும் இத்தொகுப்பில், 1976, 1977 ஆம் ஆண்டுகளின் சக்தி நிகழ்ச்சிகள் அடுத்து வருகின்றன.

இதன் பயன் மூன்று. முதலாவது, இரண்டே ஆண்டுகளில் ஒரு கலைஞர் மின்கித்தாரிலிருந்து கர்நாடக மேடை முறைக்கு நகர்ந்ததை அடுத்தடுத்துக் கேட்கலாம். இரண்டாவது, அதே நால்வர் ஓராண்டு இடைவெளியில் எப்படி மாறினார்கள் என ஒப்பிடலாம். மூன்றாவது, ஸ்டுடியோவில் சுருக்கிய தனி ஆவர்த்தனம் மேடையில் எவ்வளவு விரிந்தது என்பதை அறியலாம்.

பிற்காலப் பதிவுகள்

1997-இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் குழு மீண்டும் கூடியது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலுடன் இங்கிலாந்தில் வாசித்தவை 1999-இல் இரட்டைத் தட்டாக வந்தன. பின்னர் மாண்டலின் யூ. சீனிவாஸ், விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ் ஆகியோர் சேர்ந்தனர். 2000-இல் 'தி பிலீவர்', 2001-இல் 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' என்று வந்தவையும் மேடைப் பதிவுகளே. 2014 செப்டம்பரில் தமது 45-ஆம் வயதில் மறைந்த சீனிவாஸின் மேடைக் கற்பனையை அறிய இவை இன்றியமையாதவை.

1977-க்குப் பிறகு சக்தியின் முதல் ஸ்டுடியோ ஆல்பமாக 2023-இல் வந்த 'திஸ் மொமென்ட்', 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதில் சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், செல்வகணேஷ் ஆகியோர் பங்கேற்றனர். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் காலமானார்.

மாணவர்கள் கேட்கும் முறை

முதன்முறை கேட்பவர்கள் 'லோட்டஸ் ஃபீட்' உருப்படியில் தொடங்கலாம். மெட்டு மனத்தில் பதிந்தபின் 'ஜாய்'க்குச் செல்லவேண்டும். அதைக் கேட்கும்போது கையால் தாளம் போடுவது நல்லது. ஜதிகளை இவ்வாறு நினைவில் வைத்துக்கொள்ளலாம்:

திஸ்ரம் (3): தகிட
சதுஸ்ரம் (4): தகதிமி
கண்டம் (5): தக தகிட
மிஸ்ரம் (7): தகிட தகதிமி
சங்கீர்ணம் (9): தகதிமி தக தகிட

முற்போக்கு ராக் குழுக்களின் ஏழு எண்ணும் பாடலை ஒருவர் ஒன்று, இரண்டு என்று எண்ணித் தடுமாறலாம். 'தகிட தகதிமி' என்று சொல்லிப் பார்த்தால் அது எளிதில் பிடிபடும். மெக்லாக்லினே இந்தச் சொற்கட்டு முறையைப் பெரிதும் மதித்து, செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோல் கற்பிக்கும் ஒளித்தட்டு ஒன்றை 2007-இல் வெளியிட்டார்.

அடுத்து, வாத்தியங்களைப் பிரித்துக் கேட்கப் பழகவேண்டும். தபலாவின் இடப்புறம் குழைந்து ஏறி இறங்கும். மிருதங்கத்தின் தொப்பி அடக்கமாக ஒலிக்கும். கடத்தில் மணி போன்ற தெறிப்பும், வாயை வயிற்றில் அழுத்தி எடுக்கும்போது ஆழ்ந்த கும்காரமும் கேட்கும். சவுத்தாம்ப்டன் பதிவில் மூன்றும் உள்ளன. மோன்ட்ரோ பதிவுகளில் மிருதங்கத்துக்குத் தனியாக ஒருவர் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, ராகவன் இருந்த இடம் எது என்று கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி. காதணிப் பேசிகள் இருந்தால் போதும். ஓர் அரைநாளில் செய்து முடிக்கலாம்.