இதழிற் புள்ளியும் குடலிற் கழலையும்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலின்கீழ் நின்று நோக்குவார், மெல்லிய காம்பிலே கனிகள் தொங்குதலைக் காண்பர். அத்தகைய தோற்றமுடைய சிறு கழலைகள் சிலருடைய குடலினுள்ளும் தோன்றுதலுண்டு. அவற்றை மருத்துவர் பாலிப் என்பர்.

நம் சிறுகுடல் ஏறத்தாழ 20 அடி நீளமுடையது. அதன்கண் உண்டாகும் கழலைகள் கொழுப்பு, தசை, இரத்தக்குழாய், சுரப்பித் திசு ஆகியவற்றினின்று தோன்றுவன. புற்றுநோய்போற் பிற உறுப்புகளிற் பரவாமையின் இவை தீங்கற்றவை எனப்படும். ஆயினும், அப்பெயர்கொண்டு அயர்ந்திருத்தல் தகாது. குருதி சிறிது சிறிதாகக் கசிந்து சோகை உண்டாகலாம். கழலையோடு குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் இழுக்கப்பட்டுச் செருகிக்கொள்ளின், வழி அடைபட்டு உயிர்க்கே இடர் நேரும்.

இத்தகைய கழலைகள் சில குடும்பங்களில் வழிவழியாக வருகின்றன. பெரியாற்று நீர் மலை குடைந்த வழியே நம் பள்ளத்தாக்கிற் பாய்ந்த 1895 ஆம் ஆண்டிலேயே, இலண்டனில் கானர் என்னும் மருத்துவர், உதடுகளிலும் வாயினுள்ளும் கரும்புள்ளிகள் நிறைந்த இரட்டைச் சகோதரியரைப் பற்றி அறிவித்தார். அவருள் ஒருத்தி 20 ஆம் வயதிற் குடற்செருகலால் இறந்தாள். அப்புள்ளிகளுக்கும் கழலைகளுக்கும் உள்ள தொடர்பை 1921 இல் ஒல்லாந்து மருத்துவர் பியூட்ஸ் ஒரு குடும்பத்தில் ஆராய்ந்து கூறினார். 1949 இல் அமெரிக்க மருத்துவர் ஜெகர்ஸ் தம் துணைவருடன் அதனை விரித்துரைத்தார். அவ்விருவர் பெயராலேயே இந்நோய் வழங்குகின்றது. இதற்குரிய மரபணு 1998 இற் கண்டறியப்பட்டது. பெற்றோருள் ஒருவர்க்கு இந்நோய் இருப்பின், ஆணாயினும் பெண்ணாயினும், ஒவ்வொரு மகவுக்கும் அது வருதற்குப் பாதி வாய்ப்புண்டு. இவர்க்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் பிறரினும் மிகுதி.

உதட்டிலுள்ள ஓரிரு மச்சம் நோயன்று. ஆயின், குழந்தைப் பருவத்தே உதடுகளிற் பல புள்ளிகள் தோன்றிக் கன்னத்தின் உட்புறத்தும் காணப்படின், மருத்துவரை நாடுதல் வேண்டும். வயது ஏறுந்தோறும் உதட்டுப் புள்ளிகள் மங்கிவிடும். வாயினுள் இருப்பவையே பெரும்பாலும் நிலைப்பன. ஆதலால் இளமையிலேயே நோக்குதல் நன்று. 8 ஆம் வயதளவில் குடலைச் சோதிக்கத் தொடங்குக என்பர் வல்லுநர். விழுங்கத்தக்க சிறு காமிராவாற் கழலைகளைக் கண்டு, எண்டோஸ்கோப்பு வாயிலாகச் செருகல் நேருமுன்னரே அவற்றை அகற்றலாம்.

பெற்றோர் பழியைப் பிள்ளைகள் சுமப்பர் என்னும் கருத்தை எசேக்கியேல் தீர்க்கதரிசி மறுத்தார். மரபுவழி வரும் நோய் எவர்தம் பாவமும் அன்று. குலத்துக்கு இழுக்கும் அன்று. மணப்பேச்சுக்கு அஞ்சி ஒருவர் இதனை மறைப்பாராயின், அவர்தம் உடன்பிறந்தாரும் மக்களும் தமக்குள்ள இடரை அறியாதிருப்பர். அவர் வாய்திறந்து கூறின், ஒரு குடும்பமே காக்கப்படும்.