ஐப்பசியில் எந்த ஊருக்குப் போகலாம்?



விடுமுறை வந்தாலே வீட்டில் 'எந்த ஊருக்குப் போகலாம்?' என்ற பேச்சு தொடங்கிவிடும், இல்லையா? அப்போது நீங்கள் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். 'அந்த மாதத்தில் அந்த ஊரில் மழையா, வெயிலா?' இதைக் கேட்க மறந்து நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1990களில் சேலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துப்போக ஏற்பாடு செய்தேன். தேர்வுத் தொல்லை இல்லாத மாதம் என்று நவம்பரைத் தேர்ந்தெடுத்தேன். பிள்ளைகளில் பாதிப் பேர் கடலையே பார்த்தது கிடையாது. தீபாவளிக்குக் கிடைத்த காசைக்கூடச் செலவழிக்காமல் சேர்த்துவைத்துச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினார்கள்.

சென்னைக்குள் நுழையும்போதே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாட்களும் விடவில்லை. மெரினாவில் பேருந்தை விட்டுக் கீழே இறங்கவே முடியவில்லை. பிள்ளைகள் சன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. அப்போது பின் இருக்கையிலிருந்து ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்:

"சார், அக்டோபர், நவம்பரில்தான் வடகிழக்குப் பருவமழைன்னு நீங்கதானே சார் பாடம் நடத்தினீங்க?"

எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை!

ஊர் திரும்பினால், மும்பையில் வேலை பார்த்த என் தம்பியின் கடிதம் வந்திருந்தது. 'இங்கே மழை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பகலில் வெயில் வாட்டுகிறது' என்று எழுதியிருந்தான். சென்னையும் கடற்கரை நகரம், மும்பையும் கடற்கரை நகரம். மாதமும் ஒன்றுதான். ஆனால் அங்கே வெயில், இங்கே மழை. ஏன் இப்படி?

காற்று எங்கிருந்து வருகிறது?

விடை காற்றில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது. அது அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. அதிலுள்ள ஈரம் மழையாகக் கொட்டுகிறது. மலைக்கு மேற்கே இருக்கும் மும்பைக்கு ஜூலை மாதத்தில் மட்டும் சராசரியாக 800 மில்லி மீட்டருக்கு மேல் மழை கிடைக்கிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே வருவதற்குள் காற்றில் ஈரம் குறைந்துபோகிறது. அதனால் சென்னைக்கு ஜூலையில் ஏறக்குறைய 100 மில்லி மீட்டர் மழைதான்.

அக்டோபரில் காற்றின் திசை மாறுகிறது. இப்போது அது வடகிழக்கிலிருந்து வருகிறது. வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு நேராகத் தமிழ்நாட்டுக் கரைக்கு வருகிறது. கூடவே காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் வங்கக் கடலில் உருவாகின்றன. 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். நம் முன்னோர் இந்த இரண்டு மாதங்களையும் 'கூதிர் காலம்' என்றார்கள். குளிர் நாடுகளில் மரங்கள் இலை உதிர்ப்பதும் இந்தச் சமயத்தில்தான்.

மும்பைக்கோ அந்தக் காற்று நிலத்தின் மேல் நெடுந்தூரம் கடந்து வருகிறது. அதில் ஈரம் இல்லை. மேகம் கலைந்துவிடுவதால் வெயில் நேராக அடிக்கிறது. கடற்காற்றும் தாமதமாகத்தான் வருகிறது. அதனால் மழை போன பிறகு மும்பையில் ஒரு சின்னக் கோடைக்காலம் எட்டிப் பார்க்கும். அதை அந்த ஊரார் 'அக்டோபர் ஹீட்' என்பார்கள்.

எண்கள் சொல்லும் கதை

இவை ஏறக்குறைய சராசரி அளவுகள்:

அக்டோபர் மழை: சென்னை 300 மி.மீ., மும்பை 90 மி.மீ.
நவம்பர் மழை: சென்னை 370 மி.மீ., மும்பை 10 மி.மீ.
நவம்பர் பகல் வெப்பம்: சென்னை 30 டிகிரி, மும்பை 34 டிகிரி
நவம்பர் இரவு வெப்பம்: சென்னை 23 டிகிரி, மும்பை 21 டிகிரி

கடைசி இரண்டு வரிகளையும் இன்னொரு முறை பாருங்கள். வெயிலுக்குப் பேர்போன சென்னையைவிட, நவம்பர் பகலில் மும்பைதான் சூடு! ஆனால் இரவில் மும்பைதான் குளிர்ச்சி. சென்னையில் மேகம் பகலில் வெயிலைத் தடுக்கிறது. இரவில் போர்வைபோல வெப்பத்தைக் காக்கிறது. மும்பையில் அந்தப் போர்வை இல்லை.

எப்போது, எங்கே?

காலாண்டு விடுமுறையில் சென்னைக்குப் போகலாம். சில நாட்களில் மாலையில் இடி மழை வரும். காலையிலேயே சுற்றிப் பார்த்துவிடுங்கள். மும்பையில் அப்போது மழை முழுதாக விட்டிருக்காது.

தீபாவளியையொட்டி என்றால் மும்பை நல்லது. பருத்தி உடை, தொப்பி, தண்ணீர்ப் பாட்டில் போதும். அப்போது சென்னைக்குப் போவதானால் குடையும் மாற்றுத் துணியும் கட்டாயம். அருங்காட்சியகம், கோளரங்கம் போன்ற கூரையுள்ள இடங்களையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியில் மும்பை இதமாக இருக்கும். சென்னையிலும் மழை குறைந்துவரும். ஜனவரியில் இரண்டு ஊர்களுமே அருமை!

ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. பல ஆண்டுகளின் சராசரிதான் காலநிலை. இன்றைக்கு வானம் எப்படி இருக்கிறது என்பது வானிலை. சராசரியை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பக் கூடாது. 2015 நவம்பரில் சென்னையில் 1,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளம் சூழ்ந்து விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. 2017 டிசம்பரில் ஒக்கி புயலால், மழையே இல்லாத மாதத்தில் மும்பையில் மழை பெய்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஆகவே ஊரையும் மாதத்தையும் காலநிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கிளம்புவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்து வானிலை அறிக்கையைக் கவனியுங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

சரி, என் கதை என்ன ஆயிற்று? பிள்ளைகளின் ஏமாந்த முகம் என்னைத் தூங்கவிடவில்லை. மறுபடியும் அவர்களிடம் பணம் கேட்கவும் மனம் வரவில்லை. ஆசிரியர்கள் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஜனவரியில் அதே பிள்ளைகளை மீண்டும் அழைத்துப்போனோம். நல்ல வெயில். நீலக் கடல். கணுக்கால் அளவு நீரில் நின்று அவர்கள் போட்ட கூச்சலில் அலைச் சத்தமே கேட்கவில்லை!

அந்தப் பையன் ஓடிவந்து என் பக்கத்தில் நின்றான்.

"சார், இந்தத் தடவை பாடத்தைப் படிச்சுட்டுத்தானே கிளம்பினீங்க?" என்றான்.

"ஆமாம்டா" என்றேன்.

குழந்தைகளே, உங்கள் புவியியல் புத்தகம் தேர்வுக்கு மட்டும் இல்லை. அடுத்த முறை அப்பா, அம்மா பயணத்துக்கு நாள் குறிக்கும்போது அதையும் எடுத்துவந்து பக்கத்தில் உட்காருங்கள். சரிதானே?