கறுப்பு பீர் என்றாலே ஸ்ட்ராங்கா? நிறத்தையும் சுவையையும் தீர்மானிக்கும் ‘ஸ்பெஷாலிட்டி மால்ட்’: முழு விளக்கம்

வார இறுதியில் புதுச்சேரிக்கு வருபவர்கள் மெனு கார்டில் ‘ஸ்டவுட்’ என்ற பெயரைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, “இவ்ளோ கறுப்பா இருக்கே, ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்குமோ?” என்பதுதான். டிகாக்‌ஷன் கறுப்பாக இருந்தால் காபி ஸ்ட்ராங் என்று பழகிய நமக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு.

ஆனால் பீரில் அந்தக் கணக்கு செல்லாது. கன்னங்கரேல் என்று இருக்கும் அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம்ம ஊர் ஒயின் ஷாப்பில் ‘ஸ்ட்ராங்’ என்று விற்கும் பொன்னிற பீர்களில் அதைவிட அதிகம். அப்படியென்றால் கறுப்பு எங்கிருந்து வருகிறது? போதை எங்கிருந்து வருகிறது? இரண்டும் சேர்ந்த ‘ஸ்ட்ராங் டார்க் பீர்’ எப்படி உருவாகிறது?

மால்ட் என்றால் என்ன?

ராகி மால்ட் எல்லோருக்கும் தெரியும். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைப்போம். பீருக்கான மால்ட்டும் அதே வேலைதான், தானியம் மட்டும் பார்லி. முளைவிடும்போது தானியத்துக்குள் என்சைம்கள் உருவாகின்றன. பிறகு வெந்நீரில் ஊறவைக்கும்போது இவைதான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் சாப்பிட்டு ஆல்கஹாலாக மாற்றும்.

முளைத்த பார்லியைச் சுமார் 80 முதல் 85 டிகிரி செல்சியஸில் பக்குவமாக உலர்த்தினால் கிடைப்பது ‘பேஸ் மால்ட்’. என்சைம் பிழைத்திருக்கும், நிறம் வெளிறியிருக்கும். போதைக்கான சர்க்கரையில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. இதற்கு மேல் சூடேற்றியோ வறுத்தோ எடுப்பவை ‘ஸ்பெஷாலிட்டி மால்ட்’. நிறம், மணம், கசப்பு, நாக்கில் தங்கும் கனம் எல்லாம் இவற்றின் வேலை. சுருக்கமாகச் சொன்னால், பேஸ் மால்ட் சோறு. ஸ்பெஷாலிட்டி மால்ட் குழம்பு.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

மியூனிக் மால்ட்: சுமார் 100 டிகிரியில் உலர்த்தப்படுவது. புதுச்சேரி பேக்கரிகளில் சுடச்சுட வரும் பிரெஞ்சு ரொட்டியின் மேல்தோல் வாசனையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வாசனை. இரண்டுக்கும் காரணம், 1912-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீல் மையார் விளக்கிய ‘மையார் வினை’. புரதத்தின் அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன.

கிரிஸ்டல் மால்ட்: இது பார்லியின் புழுங்கல் அரிசி. முளைத்த பார்லியை ஈரம் காயாமல் 65-70 டிகிரியில் வேகவிடுவார்கள். உமிக்குள்ளேயே மாவு சர்க்கரையாகிவிடும். பிறகு வறுக்கும்போது அது கண்ணாடி போல் இறுகும். கேரமல், பேரீச்சை, உலர்திராட்சை போன்ற சுவை வரும். இதிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் சாப்பிட முடியாது. அதனால் பீரில் இனிப்பும் கனமும் மிஞ்சும்.

சாக்லேட் மால்ட்: பெயரில்தான் சாக்லேட். 200 டிகிரிக்கு மேல் வறுத்த மால்ட் இது. கோகோ, காபி வாசனை தரும்.

பிளாக் மால்ட்: கருகும் எல்லை வரை கொண்டுபோய், சரியான நொடியில் தண்ணீர் தெளித்து நிறுத்துவது. கொஞ்சம் போட்டாலே பீர் கறுத்துவிடும். கூடினால் தீய்ந்த வாசனை அடிக்கும்.

வறுத்த பார்லி: இது மால்ட்டே கிடையாது, முளைகட்டாத பார்லியை அப்படியே வறுப்பது. ஸ்டவுட்டுக்கே உரிய ‘பிளாக் காபி’ சுவை இதனால்தான்.

1817-ல் மாறிய கதை

18-ம் நூற்றாண்டு லண்டனில் கறுப்பு பீரான ‘போர்ட்டர்’ முழுக்கப் பழுப்பு மால்ட்டில் செய்யப்பட்டது. சர்க்கரையின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் கருவி வந்தபோது உண்மை வெளியானது. வெளிறிய மால்ட்டிலிருந்து கிடைக்கும் சர்க்கரை, பழுப்பு மால்ட்டில் கிடைப்பதைவிட அதிகம். ஆலைகள் மலிவான கணக்குக்கு மாறின. ஆனால் நிறம் போய்விட்டது. அதற்குத் தீய்த்த சர்க்கரை முதல் என்னென்னவோ கலந்தார்கள். 1816-ல் சட்டம் போட்டு அதைத் தடுத்தது பிரிட்டன்.

அடுத்த ஆண்டே டேனியல் வீலர் என்பவர், காபிக் கொட்டை வறுப்பது போன்ற சுழலும் உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ‘பிளாக் பேட்டன்ட் மால்ட்’ என்ற பெயரில் உள்ள ‘பேட்டன்ட்’ அதுதான். போதைக்கு வெளிறிய மால்ட், நிறத்துக்கு ஒரு பிடி கறுப்பு மால்ட் என்று இரண்டும் பிரிந்தது அப்போதுதான்.

இந்தியாவில் 8 சதவீத எல்லை

நம்ம ஊருக்கு வருவோம். புதுச்சேரியிலும் மைக்ரோப்ரூவரி கலாசாரம் வந்துவிட்டது. ‘கேட்டமரான்’ என்று, நம்ம கட்டுமரத்தின் பெயரிலேயே இங்கு ஒன்று இயங்குகிறது. ஆனால் இந்தியாவில் கனமான டார்க் பீர் செய்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018-ம் ஆண்டு விதிமுறைப்படி, 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை இருந்தால் ‘ஸ்ட்ராங் பீர்’. 8-ஐத் தாண்டக் கூடாது.

உலக அளவில் ‘இம்பீரியல் ஸ்டவுட்’ பொதுவாகத் தொடங்குவதே 8 சதவீதத்தில். பக்கத்து இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். நுவரெலியா மலையில் தொடங்கிய ஆலையின் தயாரிப்பு அது. பீர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, இவர் வேறு!) பாராட்டியதால் உலக ரசிகர்களிடம் பேசப்பட்டது.

எனவே இங்கே ஆல்கஹாலை ஏற்றிக் கனம் காட்ட வழியில்லை. அந்தக் கனத்தை மால்ட் தேர்வில்தான் கொண்டுவர வேண்டும்.

எவ்வளவு சேர்க்க வேண்டும்?

சுமார் 7.5 சதவீதத்தில் ஒரு டார்க் பீருக்கு, 100 கிலோ தானியத்தை இப்படிப் பிரிக்கலாம்:

- பேஸ் மால்ட்: 78 கிலோ
- மியூனிக் மால்ட்: 8 கிலோ
- கிரிஸ்டல் மால்ட்: 6 கிலோ
- சாக்லேட் மால்ட்: 4 கிலோ
- வறுத்த பார்லி: 4 கிலோ

இதிலிருந்து ஏறத்தாழ 300 லிட்டர் பீர் கிடைக்கும். இதே தானியத்தில் 5 சதவீத பீர் செய்தால் 450 லிட்டர் வரை எடுக்கலாம். ‘ஸ்ட்ராங்’ என்பதன் ரகசியம் இந்த இடத்தில்தான் இருக்கிறது: ஒரே தானியம், குறைந்த தண்ணீர்.

பட்டியலைப் பாருங்கள், கறுப்பாக வறுத்தவை மொத்தமே 8 கிலோ. அதை 15, 20 என்று ஏற்றினால் போதை கூடாது. சாம்பலை நக்கியது போல நாக்கு வறண்டுவிடும். கிரிஸ்டல் மால்ட்டைக் கூட்டினால் பாகு மாதிரி திகட்டும். ஏழெட்டு வகைகளை அள்ளிப்போட்டால் எதன் சுவையும் தெரியாது. மூன்று நான்கு வகைகள் போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும்.

நிறம் வேண்டும், ஆனால் உமியின் துவர்ப்பு வேண்டாம் என்றால் உமி நீக்கி வறுத்த மால்ட் இருக்கிறது. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் உள்ள வேயர்மன் நிறுவனத்தின் ‘கராஃபா ஸ்பெஷல்’ இந்த வகை.

தண்ணீரும் ஈரக்காற்றும்

வறுத்த மால்ட்டுக்கு அமிலத்தன்மை உண்டு. டப்ளின் போல பைகார்பனேட் நிறைந்த கடினத் தண்ணீர் அதைச் சமன்செய்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் அந்த உப்புகள் இருக்காது. மால்ட் ஊறலின் பி.எச். 5.2-க்குக் கீழே இறங்கினால் பீரில் புளிப்பு தூக்கும். அதனால் தண்ணீரில் கொஞ்சம் பைகார்பனேட் சேர்ப்பார்கள், அல்லது கறுப்பு மால்ட்டை ஊறலின் கடைசியில் போடுவார்கள்.

அடுத்த எதிரி கடற்கரைக் காற்று. டப்பாவைத் திறந்துவைத்த முறுக்கு புதுச்சேரியில் என்ன ஆகும்? மால்ட்டும் அப்படித்தான் நமுத்துப்போகும், வண்டும் விழும். அரைத்த மால்ட் இன்னும் சீக்கிரம் கெடும். எனவே முழுத் தானியமாக, அளவாக வாங்கி, காற்றுப் புகாமல் வைக்க வேண்டும். சோதிப்பதும் எளிது: நாலு மணியை வாயில் போட்டு மென்றால் மொறுமொறு என்று உடைய வேண்டும். ரப்பர் மாதிரி இழுத்தால் பழசு.

வீட்டிலேயே செய்யலாமா?

கூடாது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது புதுச்சேரி கலால் சட்டத்தின்படி குற்றம். வீட்டுக்கு மட்டும், விற்பனைக்கு இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மேலே சொன்ன அளவுகள் உரிமம் பெற்ற ஆலைகளில் நடப்பதைப் புரிந்துகொள்ளத்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்று நம்புகிறவர், வெளிர் நிறத்தைப் பார்த்து ‘இது லைட்தான்’ என்றும் நம்பிவிடுவார். ஆபத்து அந்த இரண்டாவது நம்பிக்கையில்தான். 8 சதவீத பொன்னிற பீர் இரண்டைக் குடித்துவிட்டு, “லைட்டாதான் சாப்பிட்டேன்” என்று ஈ.சி.ஆரில் வண்டியை எடுப்பவருக்கு நிறம் எதையும் சொல்லப்போவதில்லை. லேபிளில் அச்சிட்டிருக்கும் சதவீதம்தான் சொல்லும். அதைப் படிக்க இரண்டு நொடி போதும். குடித்திருந்தால் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது. புதுச்சேரியில் 18 வயதுக்கும், தமிழ்நாட்டில் 21 வயதுக்கும் உட்பட்டவர்களுக்கு மது விற்கக் கூடாது.)