புதிய பிராசசர், தடுமாறும் கணினி: கோளாறை எங்கே தேடுவது?

விடுமுறையில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் புதிய பிராசசர் வாங்கிப் பொருத்தியாயிற்று. கணினியின் வேகமும் கூடிவிட்டது. ஆனால் இரண்டே நாளில் தொல்லை தொடங்குகிறது. விளையாட்டின் நடுவே திரை உறைகிறது. காணொளியைத் தொகுக்கும்போது நீலத்திரை வருகிறது. சில நேரம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி தானாகவே மறுபடியும் தொடங்குகிறது.

உடனே பிராசசரைக் குறைசொல்லத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் கோளாறு அதைச் சுற்றியுள்ள பாகங்களிலும் அமைப்புகளிலும்தான் இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: ஏஎம்டியின் ஏஎம்4 வகை மதர்போர்டுகளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். 2018ல் வந்த ரைசன் 5 2600 இருந்த பி450 மதர்போர்டில், 2020ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ் பொருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கோப்புகள்

நிலையில்லாத கணினி, கோப்புகளைச் சத்தமில்லாமல் சிதைத்துவிடக்கூடும். இறுதியாண்டுச் செயல்திட்டமும் குடும்பப் படங்களும் அதில் இருந்தால், சோதனைகளில் இறங்குமுன் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து வைத்துவிடுங்கள். பிட்லாக்கர் பயன்படுத்துவோர், பிராசசரையோ பயாஸையோ தொடுமுன் மீட்புக் குறியீட்டைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வட்டே உங்களுக்குப் பூட்டிக்கொள்ளும்.

பயாஸ் புதியதா?

மதர்போர்டு வெளிவந்தபோது உங்கள் பிராசசர் சந்தைக்கே வந்திருக்காது. அதை அடையாளம் கண்டு, சரியான மின்னழுத்தம் கொடுக்கக் கற்றுத்தருவது பயாஸ் புதுப்பிப்புதான். தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் உங்கள் பிராசசருக்கு எந்தப் பதிப்பு தேவை என்று பாருங்கள். பழைய பிராசசர் இருக்கும்போதே புதுப்பித்துவிடுவது நல்லது. மாற்றியபின் பயாஸ் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். பழைய பிராசசருக்காக முன்பு செய்துவைத்த வேக மாற்றங்கள் புதியதற்கு ஒத்துவராமல் போகலாம்.

ரேம் வேகம்

அதிகம் பேர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ரேம் பெட்டியில் 3600 என்று எழுதியிருக்கலாம். ஆனால் ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிப்பது 3200 மட்டுமே. அதற்கு மேல் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு இரண்டு நாள் பயன்படுத்திப் பாருங்கள். தொல்லை நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. நிற்கவில்லையென்றால் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதைப் பொருட்படுத்த வேண்டும்.

வெப்பம்

ரைசன் 5 2600உடன் சிறிய குளிர்விப்பான் ஒன்று வந்தது. 5800எக்ஸுடன் எதுவும் வரவில்லை. பெட்டியில் 105 வாட் என்று இருந்தாலும், முழு வேலையில் அது 142 வாட் வரை இழுக்கும். பழைய குளிர்விப்பான் அதற்குப் போதாது. அதிலும் குளிர்சாதனம் இல்லாத நம் ஊர் அறைகளில் நிலைமை இன்னும் மோசம். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் வெப்பநிலையைக் கவனியுங்கள். இந்த பிராசசரின் உச்ச வரம்பு 90 பாகை செல்சியஸ். அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால், வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசி, குளிர்விப்பானின் திருகுகள் எல்லாப் பக்கமும் சமமாக இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏஎம்4 பிராசசரின் அடியில் மெல்லிய ஊசிகள் உண்டு. குளிர்விப்பானை நேராக மேலே இழுக்காமல், மெல்லத் திருகி எடுங்கள்.

பதிவேடு சொல்லும் சேதி

விண்டோஸின் ‘இவென்ட் வியூவர்’ பகுதியில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பிழையைக் கண்டதும் பலர் புதிய பவர் சப்ளை வாங்கிவிடுகிறார்கள். முறையாக மூடப்படாமல் கணினி நின்றது என்பதுதான் அதன் பொருள். காரணத்தை அது சொல்வதில்லை. ஆனால் ‘வீயா லாகர்’ என்ற பெயரில் வரும் பிழைகள், வன்பொருளே புகார் செய்வதைக் காட்டுகின்றன. பிராசசர், மின்னழுத்தம், ரேம் ஆகியவற்றில் தேடலைக் குவிக்க அவை உதவும்.

பழையதை விற்றுவிடாதீர்கள்

மிகத் தெளிவான சோதனை, பழைய பிராசசரைத் திரும்பப் பொருத்துவதுதான். அதிலும் கணினி தடுமாறினால் கோளாறு வேறிடத்தில். சீராக ஓடினால், புதிய பிராசசரை முடிந்தால் நண்பரின் கணினியில் பொருத்திப் பாருங்கள். அங்கும் அதே தொல்லை என்றால், ரசீதுடன் கடைக்குச் செல்லலாம்.

பிராசசரே பழுதாக இருப்பதும் உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினி பிராசசர்கள் சிலவற்றில், தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் நிலையின்மை ஏற்படுவதை 2024ல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. பயாஸ் புதுப்பிப்புகளை வழங்கியதோடு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே சேதமடைந்த பிராசசரைப் புதுப்பிப்பால் குணப்படுத்த முடியாது. சிம் லிம் ஸ்குவேரிலோ இணையத்திலோ பழைய பிராசசர் வாங்குவோர், விலையோடு உத்தரவாதத்தையும் கேட்டுப் பெறுவது அவசியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். செய்ததைத் தேதியுடன் குறித்து வையுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் கணினி சரியாகலாம், ஆனால் எது சரிசெய்தது என்பது தெரியாது. அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்ற அதே முறைதான் இது.